மூக்குச் சக்கரத்து போல்ட்

மேனேஜர் தன் போனை என் முன்னால் நீட்டியபோது முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன விமானம், நாலு பேர் உட்காரும் அளவு, ரன்வேயில் மூக்கைத் தரையில் குத்தி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. முன்னால் இருந்த விசிறியின் இறக்கைகள் வாழை மட்டை போல மடங்கியிருந்தன. உள்ளே இருந்த ஆட்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர், இரண்டு பேரும் தாங்களாகவே இறங்கி நடந்து வந்துவிட்டார்கள் என்றார். பிறகு விரலால் அடுத்த படத்துக்குத் தள்ளினார். அதில் பாதியில் ஒடிந்த ஒரு போல்ட். அதன் தலையில் எங்கள் கம்பெனிக் குறி, லாட் நம்பர், பக்கத்தில் வட்டத்துக்குள் பதினாலு.

பதினாலு என்றால் நான்தான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி ஒன்றும் பெரியதில்லை. முக்கால்வாசி லாரிக்கும் பம்புசெட்டுக்கும் போகிற சாமான்கள்தான். ஒரு மூலையில் மட்டும் கண்ணாடித் தடுப்பு போட்டு, சின்ன விமானங்களுக்கு போல்ட் செய்கிறோம். ஒரு லாட் என்றால் நாற்பது, ஐம்பது, அவ்வளவுதான். ஒவ்வொரு போல்ட்டையும் நான் அளந்து பார்த்து, சரியென்றால் என் முத்திரையை ஆசிட் மையில் தொட்டு அதன் தலையில் வைத்து ஒரு நொடி கரண்ட் கொடுப்பேன். பதினாலு என்ற எண் இரும்பில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த போல்ட் எந்த ஊருக்குப் போனாலும் என் பெயரோடு போகிறது என்று அர்த்தம். அப்படித்தான் நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. அதை மறைப்பதற்கில்லை. கடம்பத்தூர் பக்கம் என் அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். நான் இந்தக் கம்பெனிக்குள் பேக்கிங் பெண்ணாக நுழைந்தேன். அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டே மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றேன், பரீட்சை எழுதினேன், முத்திரை வாங்கினேன். மணவாள நகரில் எங்கள் தெருவில் எந்த விசேஷம் நடந்தாலும் விமானத்தைப் பற்றிப் பேச்சை எப்படியாவது இழுத்து வந்துவிடுவேன். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் பெரியபாளையம் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் "ஏரோப்ளேன் அக்கா, ஜன்னலோரம் உக்காருங்க, பைலட் சீட்டு" என்று ஆரம்பிப்பார்கள். நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் செய்வது தரையில் ஓடும், நான் செய்வது மேலே போகும் என்பேன்.

அந்தப் படத்தை நானே விரலால் பெரிதாக்கி அந்தப் பதினாலை மறுபடி படித்தேன்.

அந்த விமானம் வேறு மாநிலத்தில் ஒரு மில் முதலாளியுடைய சொந்த விமானம். அந்த மாதிரி விமானம் மேலே போனதும் சக்கரங்கள் உள்ளே மடங்கிக்கொள்ளும். இறங்கும்போது வெளியே வந்து, மடங்காதபடி பூட்டிக்கொள்ள வேண்டும். மூக்குச் சக்கரத்தின் பூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது எங்கள் போல்ட். அன்றைக்குச் சக்கரம் வெளியே வந்திருக்கிறது, தரையைத் தொட்டிருக்கிறது, பிறகு போல்ட் ஒடிந்து சக்கரம் மடங்கிவிட்டது. படத்தில் பார்த்தது அதைத்தான்.

மேனேஜர் என் முத்திரையைக் கேட்டார். விசாரணை முடிகிறவரை அது அவரிடம்தான் இருக்க வேண்டும், விதி அப்படி. மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஒரு கவரில் போட்டு ஒட்டி, என்னையே மேலே கையெழுத்துப் போடச் சொன்னார். போல்ட் கெட்டது என்று முடிவானால் முத்திரை திரும்ப வராது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதுவரை பேக்கிங்கில் உட்காரும்மா என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மறுபடி அட்டைப்பெட்டி மடித்தேன்.

பெட்டி மடிப்பதில் எனக்கு வெட்கமில்லை. மனசைத் தின்றது வேறு. இரண்டு பேர் நடந்து வந்துவிட்டார்கள், சரி. நடந்து வராமல் போயிருந்தால்? அந்த லாட்டை நான் பார்த்த அன்று எனக்குக் காய்ச்சலா, வீட்டில் சண்டையா, அவசரமா? ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. நாற்பது போல்ட்டில் ஏதாவது ஒன்றை அளக்காமலே முத்திரை வைத்தேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போக மாட்டேன் என்றது.

வேனில் கேலி நின்றுவிட்டது. எல்லோரும் மரியாதையாக இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். இந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எட்டாம் நாள் போல்ட் வாங்குகிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ், அதிர்ந்து பேசாதவர். இன்னொருவர் எழுதிக்கொண்டே இருப்பவர். காலையிலிருந்து மீட்டிங் அறையில் ரெஜிஸ்டர்களைப் புரட்டினார்கள். பதினோரு மணி வாக்கில் என்னைக் கூப்பிட்டார்கள்.

அறை வாசலிலேயே மேனேஜர் என்னை நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. அவர் பிழைப்பும் அதில்தான் இருந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது.

"அந்த ஒரு ஸ்க்ராப் பத்தி கேக்கறாங்க. நீளம் கம்மியா இருந்துச்சுன்னு சொல்லிட்டு உட்டுடுமா. சாமி கீமின்னு ஆரம்பிச்சா பேஜாராயிடும்."

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. போல்ட்டைக் கடைசியாகத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது கிரைண்டிங் மெஷின். அதை ஓட்டுகிற அண்ணன் ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் நம் பாஷை. ஒவ்வொரு லாட்டிலும் முதல் போல்ட் மெஷினை விட்டு இறங்கியதும் அதை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். துணியில் துடைத்து, பொட்டு வைத்து, மெஷினுக்குப் பின்னால் இருக்கிற சாமி ஸ்டாண்டில் வைத்துவிடுவார். அந்த ஸ்டாண்டில் முருகர் இருக்கிறார், அம்மன் இருக்கிறார், நான் கொண்டுபோய் வைத்த மாதா படமும் இருக்கிறது. அதற்கென்றே ஒரு போல்ட் கூடுதலாகத்தான் போடுவோம். நாற்பது அனுப்ப வேண்டுமென்றால் நாற்பத்தொன்று.

இதில் தப்பு அந்த அண்ணன் செய்ததில்லை, நான் செய்தது. ரெஜிஸ்டரில் செய்தது நாற்பத்தொன்று, அனுப்பியது நாற்பது. மீதி ஒன்றை எங்கே எழுதுவது? அந்தத் தாளில் சாமிக்கென்று கட்டம் கிடையாது. அனுப்பியது, ஸ்க்ராப், அதாவது கெட்டதென்று கழித்தது, என்று இரண்டே கட்டம். எனக்கு முன்னால் இருந்தவர் ஸ்க்ராப் கட்டத்தில் ஒன்று என்று எழுதிவந்தார். நானும் அப்படியே எழுதினேன். பஸ்ஸில் எல்லோரும் போகிற பக்கமே நாமும் இறங்குகிற மாதிரி, யோசிக்கவே இல்லை.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒரு போல்ட் கனம் இருந்தது.

உள்ளே போனேன். வயதானவர் உட்காரச் சொன்னார். மேஜை மேல் பிளாஸ்டிக் உறையில் அந்த ஒடிந்த போல்ட் இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. அவர் போல்ட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று வருஷத்து ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இருபத்தாறு லாட் பார்த்தேனுங்க. எல்லாத்துலயும் சரியா ஒரே ஒரு போல்ட் ஸ்க்ராப். ஒண்ணுல கூட ரெண்டு இல்லீங்க. ஒண்ணுல கூட இல்லாமயும் இல்லீங்க. இரும்பு இப்படிக் கணக்கா கெடாதுங்களே."

அவர் சந்தேகம் எனக்கு உடனே புரிந்தது. கெட்ட போல்ட் என்றால் சிவப்புப் பெயிண்ட் அடித்து, இரண்டாக அறுத்து, பூட்டிய பெட்டியில் போட வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், அந்த லாட்டுக்கு ஒன்றும் இல்லை. காகிதத்தில் கெட்டுப்போன அந்த ஒரு போல்ட் எங்கே போயிற்று? நல்ல நாற்பதுக்குள் நழுவிப் போய்விட்டதா? அதுதான் மூக்குச் சக்கரத்தில் இருந்ததா?

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். நீளம் கம்மி என்று சொல்வதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, அதுவும் என் மேலேயே. அந்த போல்ட் கெட்டது என்று என் வாயாலேயே சொல்ல வேண்டுமா? இருபத்தாறு லாட்டில் இருபத்தாறு போல்ட்டை, ஒரு குறையும் இல்லாதவற்றை, கெட்டுப்போனது என்று நானே எழுதிவைத்திருக்கிறேன். என் வேலையை வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

"அது ஸ்க்ராப் இல்ல சார். நான் எழுதுனது பொய்யி. அந்த போல்ட்டு சாமிகிட்ட கீது" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். நான் முழுவதையும் சொன்னேன். கட்டம் இல்லாததைச் சொன்னேன், பார்த்து எழுதியதைச் சொன்னேன், யோசிக்காமல் எழுதியதையும் சொன்னேன். வயதானவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், அந்த போல்ட்டைப் பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டார்.

சாமி ஸ்டாண்டுக்குக் கீழே மூன்று பிஸ்கட் டின்கள். பழைய போல்ட்டுகளை அண்ணன் அவற்றில்தான் சேர்த்து வைப்பார். வெள்ளிக்கிழமைதோறும் வைத்த மஞ்சளும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும், இரும்பைக் கடினமாக்கும் உலைக்குப் போகும் முன்பே பொறித்த லாட் நம்பர் இருக்கும். தரையில் காகிதம் விரித்துத் தேடினோம். வெள்ளைச் சட்டை போட்ட அந்தப் பெரியவரும் குந்தி உட்கார்ந்து குங்குமத்தை ஊதி ஊதி நம்பர் படித்தார். இரண்டாவது டின்னில் கிடைத்தது. ஒடிந்த போல்ட்டின் அதே லாட், அதே உலையில் ஒரே சூட்டில் வெந்தது, ஒரு விமானத்திலும் ஏறாதது.

அதை அறுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் பெரியவர். ஒடிந்த போல்ட் அடிபட்டுவிட்டது, அடிபடாத ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்றார். அண்ணன் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டார். சாமிக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பதே பாவம், அதை அறுப்பதா என்றார். மேனேஜர் அதட்டினார். பெரியவர் மேனேஜரைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ணா, நீ சாமிக்கு குடுத்தது நல்ல போல்ட்டா, கெட்ட போல்ட்டா?" என்று கேட்டேன்.

"இன்னாமா இப்டி கேக்கற. கெட்டத எவனாவது சாமிக்கு குடுப்பானா?"

"அப்ப அறுத்து பாக்கட்டும். நம்ம கை சுத்தம்னு சாமியே சாட்சி சொல்லட்டும்."

அவர் டின்னைக் கீழே வைத்தார். பிறகு அந்த ஒரு போல்ட்டை மட்டும் எடுத்து, ஸ்டாண்டில் வைத்து, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, எண்ணெய்த் துணியால் குங்குமத்தை முழுக்கத் துடைத்து என் கையில் கொடுத்தார். அவர்களிடம் கொடுக்கவில்லை, என்னிடம்தான் கொடுத்தார்.

அறுப்பதற்கு முன் அளந்துவிடலாம் என்றார் பெரியவர். தன் ஆள் அளப்பார் என்று நினைத்தேன். நீங்களே அளங்க மேடம் என்றார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சாமி போல்ட்டை நான் ஒரு நாளும் அளந்ததில்லை. சாமிக்கு எதற்கு இன்ஸ்பெக்ஷன் என்று அண்ணன் சிரிப்பார், நானும் சிரிப்பேன். முதல் போல்ட் என்பது மெஷினின் தேய்க்கும் கல்லைச் சீர்செய்த கையோடு வருவது, அளவு தப்புவதென்றால் அதில்தான் தப்பும். இந்த விஷயம் அறையில் எனக்கும் அண்ணனுக்கும் மட்டுமல்ல, அந்தப் பெரியவருக்கும் தெரியும். அதனால்தான் என்னை அளக்கச் சொல்கிறார்.

முதலில் ஒடிந்ததை அளந்தேன். ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் வளைந்திருந்தது, மற்ற இடமெல்லாம் அளவுக்குள் நின்றது. பிறகு சாமி போல்ட். கை நடுங்கினால் மைக்ரோமீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு மூன்று இடத்தில், மூன்று திசையில் பார்த்தேன். பன்னிரண்டு மைக்ரான் வரை விட்டுக்கொடுக்கலாம் என்பது கணக்கு. மூன்றுக்குள் நின்றது. எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். எழுதுகிறவர் தானும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு அதே எண்ணை எழுதினார்.

"இந்த போல்ட்டுக்கு இன்னைக்கு முத்திரை போடுவீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

"போடுவேன் சார். ஒடிஞ்சதுக்கும் போட்டது நான்தான். அளந்துதான் போட்டேன்."

அதைச் சொன்னபோது என் மனசில் அரித்துக்கொண்டிருந்த அந்த நினைப்பு போன இடம் தெரியவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்துவிடவில்லை. ஆனால் என் கை எப்படிப்பட்டது என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

கிளம்பும் முன், பொய் எழுதியதற்காக எனக்கு ஒரு மெமோ கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். மேனேஜர் தயங்கித் தயங்கி நீட்டினார். வாங்கிப் படித்து, ஒரு வார்த்தை மறுக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதன் நகல் இன்னும் என் வீட்டுப் பீரோவில் முத்திரைச் சான்றிதழோடு ஒரே உறையில் இருக்கிறது. வீட்டுக்காரர் அதைக் கிழித்துப் போடச் சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன். அதுவும் நான் சம்பாதித்ததுதான்.

இரண்டு போல்ட்டையும் சோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள், பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. பெரியவர் போன் செய்தார், மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். அண்ணனும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார். இரண்டு போல்ட்டும் ஒரே இரும்பு, ஒரே ஹார்ட்னஸ், வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது என்றார். குற்றம் எங்கள் போல்ட்டுக்குப் பக்கத்தில், பூட்டு திரும்புகிற இடத்தில் இருக்கிற புஷ் என்ற வளையத்தில். அது எங்கள் சாமான் இல்லை. விமானம் மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்கிறது, யாரும் கிரீஸ் வைக்கவில்லை, துருப்பிடித்து இறுகிவிட்டது. அது சுமக்க வேண்டிய பாரத்தை எங்கள் போல்ட் சுமந்திருக்கிறது.

பிறகு அவர் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறேன்.

"இன்னுங் கொஞ்சம் ஹார்டா இருந்திருந்தா தரையத் தொட்டதும் பட்டுன்னு போயிருக்குமுங்க. உங்க போல்ட் வளைஞ்சு வளைஞ்சு பாதி ரன்வே தாங்கியிருக்குது. வேகம் குறைஞ்ச அப்புறம்தான் விட்டிருக்குது. அந்த ரெண்டு பேரும் நடந்து வந்தது அதனாலதானுங்க."

அண்ணன் அழுதேவிட்டார். நான் அழவில்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை வந்தது, நிற்க இடம் போதாத மாதிரி. வேனில் அன்றைக்கு நானே ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, நானே ஆரம்பித்தேன். கவரைப்பேட்டையில் தொடங்கியவள் மணவாள நகரில் இறங்குகிற வரை நிறுத்தவில்லை. பின்சீட்டில் ஒருவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

கவரைக் கிழித்து முத்திரையைத் திரும்பக் கொடுத்தார்கள். ரெஜிஸ்டர் தாளையும் மாற்றினார்கள். இனி ஒவ்வொரு லாட்டிலும் ஒரு போல்ட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று நாங்களே வைத்திருக்க வேண்டும் என்று வாங்குகிற கம்பெனியே எழுதி அனுப்பியது. அதற்குத் தனியாக ஒரு கட்டம் வந்தது. எங்கே வைக்க வேண்டும் என்று அவர்கள் எழுதவில்லை. எனவே அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அடுத்த லாட் ஒரு வியாழக்கிழமை ஓடியது. முதல் போல்ட் இறங்கியதும் அண்ணன் அதை ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகவில்லை. துணியில் துடைத்துக்கொண்டே கண்ணாடித் தடுப்புக்குள் வந்து என் மேஜையில் வைத்தார்.

"மொதல்ல நீ பாத்து முத்திரை வைமா. அப்பால சாமிக்கு."

அளந்தேன். மறுபடி அளந்தேன். நடுவில், விட்டுக்கொடுக்கக்கூடிய பன்னிரண்டையும் தாண்டி இரண்டு மைக்ரான் அதிகமாகத் தேய்ந்திருந்தது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு மைக்ரான் என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியாது. இது சாமிக்குத்தானே, பறக்கப்போவதில்லையே என்று நினைக்கவும் இடம் இருந்தது. இது வேண்டாம் அண்ணா, வேறு கொடுங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மைக்ரோமீட்டரைப் பார்த்தார். மெஷினுக்குத் திரும்பிப் போய்க் கல்லை மறுபடி சீர்செய்ய ஆரம்பித்தார்.

நான் அந்த போல்ட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, அறுக்கச் சொல்லி, பெட்டியில் போட்டுப் பூட்டினேன். பிறகு ரெஜிஸ்டரைத் திறந்து ஸ்க்ராப் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் உண்மை அதுதான்.